ஆழம் அறிவோம், வேகமும் அறிவோம்



மதுரைக்கு மேற்கே, தேனி சாலையிலிருந்து சற்று விலகி அமைந்திருக்கும் சிற்றூர் கீழக்குயில்குடி. சமண முனிவர்களின் சிற்பங்களைத் தாங்கி நிற்கும் சமணர் மலை இவ்வூரில்தான் இருக்கிறது. மலையின் அடிவாரத்தில் அய்யனார் கோயில், ஆலமரங்கள், தாமரைக் குளம். மதுரைக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் கற்பிக்கும் நான் குடியிருப்பதும் இவ்வூரிலேதான்.

நல்ல மழை பெய்யும்போது இம்மலையைப் பார்க்க வேண்டும். மொட்டைப் பாறையாதலால் ஒரு சொட்டு நீரையும் அது உறிஞ்சுவதில்லை. மழை தொடங்கிய சில நிமிடங்களிலேயே பாறைச் சரிவெங்கும் வெள்ளிக் கம்பிகள் போல நீர் இறங்கத் தொடங்கிவிடும். அப்படியிருந்தும் ஊருக்குள் வெள்ளம் வருவது அரிது. அடிவாரத்தில் நீரை வாங்கிக்கொள்ளக் குளமும் கண்மாயும் இருப்பதே காரணம்.

இந்தக் காட்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனெனில், நாம் இப்போது மதுரை நகருக்குள் செல்லப் போகிறோம்.

பதினைந்து நிமிட மழை

2024ஆம் ஆண்டு அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை. அன்று காலை 8.30 மணி முதல் மாலை 5.30 மணி வரை மதுரையில் பெய்த மழை 9.8 செ.மீ. அதில் 4.5 செ.மீ. மழை பிற்பகல் 3 மணியை ஒட்டிய 15 நிமிடங்களில் கொட்டித் தீர்த்துவிட்டது. செல்லூர்க் கண்மாயின் நீரை வைகைக்குக் கொண்டு செல்லும் பந்தல்குடி வாய்க்கால் நிரம்பி வழிந்தது. வைகையின் வடகரைப் பகுதிகளில் பல தெருக்களில் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது.

"வெறும் 4.5 செ.மீ. மழைக்கா இந்தப் பாடு?" என்று நீங்கள் கேட்கலாம். கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் கிடைக்கும் நீர் சரியாக 1 லிட்டர். ஆகவே 45 மி.மீ. மழை என்பது சதுர மீட்டருக்கு 45 லிட்டர். ஒரு சதுர கிலோமீட்டரில் பத்து லட்சம் சதுர மீட்டர்கள் உள்ளன. எனவே அங்கு விழும் நீர் 4.5 கோடி லிட்டர். ஒரு தண்ணீர் லாரி 10,000 லிட்டர் கொள்ளும் என்றால், ஒவ்வொரு சதுர கிலோமீட்டரிலும் 4,500 லாரித் தண்ணீரைக் கால் மணி நேரத்தில் கவிழ்த்ததற்கு ஒப்பாகும்.

இன்னொரு வகையாகவும் பார்க்கலாம். 45,000 கன மீட்டர் நீர் 900 விநாடியில் விழுகிறது. அதாவது விநாடிக்கு 50 கன மீட்டர். 3 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் ஆழமும் உள்ள ஒரு வாய்க்காலில் நீர் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடினால், அது கொண்டு செல்லக்கூடியது விநாடிக்கு 4.5 கன மீட்டர் மட்டுமே. விழுந்த மழையில் ஒரு பகுதி மண்ணுக்குள் போய்விட்டது என்று கழித்தாலும், ஒரு வாய்க்கால் போதவே போதாது. அதில் குப்பையும் ஆகாயத் தாமரையும் அடைத்திருந்தால் கேட்க வேண்டியதில்லை.

சிமெண்டுத் தளம், தார்ச்சாலை, மாடிக் கூரை ஆகிய இவை அனைத்தும் சமணர் மலையின் பாறையைப் போன்றவையே. நீரை உறிஞ்சாமல் உடனே வழியவிடும். ஆனால் மலைக்குக் கீழே கண்மாய் இருக்கிறது. நகரத்துக்குக் கீழே?

மதுரையின் ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: மாடக்குளம், தல்லாகுளம், பீபிகுளம், ஆத்திகுளம், கரிசல்குளம். நம் முன்னோர் நீரை எங்கே நிறுத்தினார்கள் என்பதற்கு இப்பெயர்களே சாட்சி. இவற்றில் பல இடங்களில் இன்று வீடுகளும் கடைகளும் அலுவலகங்களும் நிற்கின்றன. 10 ஹெக்டேர் பரப்புள்ள ஒரு கண்மாய் இருந்தால், ஒரு சதுர கிலோமீட்டரில் விழுந்த அந்த 4.5 செ.மீ. மழை முழுவதையும், தன் நீர்மட்டம் 45 செ.மீ. மட்டுமே உயர, வாங்கிக்கொள்ளும். பரப்பு பத்தில் ஒரு பங்கு என்பதால் உயரம் பத்து மடங்கு, அவ்வளவுதான் கணக்கு. பிறகு மடை வழியாகவும் மறுகால் வழியாகவும் நிதானமாக நீரை வெளியே விடும். வெள்ளத்தின் உச்சத்தைத் தணிக்கும் கருவி கண்மாய் என்பதை மறவாதீர்கள்.

என் காலணி கற்பித்த பாடம்

அன்று மாலை கல்லூரியிலிருந்து வீடு திரும்பும் வழியில், வடகரைத் தெரு ஒன்றின் முனையில் வண்டியை நிறுத்திவிட்டு நின்றேன். எதிரே தெரு முழுவதும் பழுப்பு நிறத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் அதில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முழங்கால் அளவுதான் இருந்தது. "முழங்கால் தண்ணீர் என்ன செய்துவிடும்?" என்று எண்ணி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு காலை எடுத்து வைத்தேன்.

"சார், சார்! ஆழம் தெரியாம காலை விடாதீங்க! அங்கிட்டு வாய்க்கா இருக்கு!"

திண்ணையில் கூடையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்த பூக்கார அம்மாதான் குரல் கொடுத்தார். திடுக்கிட்டுக் காலைப் பின்னுக்கு இழுத்தேன். அதற்குள் ஒரு செருப்பு காலைவிட்டுக் கழன்று நீரோடு போய்விட்டது. ஆசிரியர் புத்தி விடுமா? ஒரு மின்கம்பத்தைத் தாண்டிய செருப்பு அடுத்த கம்பத்தைத் தாண்டும்வரை கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். 14 விநாடி. கம்பங்களுக்கு இடையே சுமார் 30 மீட்டர் இருக்கும். ஆக, நீரின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர்.

அன்றிரவு வீட்டில் தாளை எடுத்துக் கணக்கிட்டபோதுதான், அந்த அம்மா என்னை எதிலிருந்து காப்பாற்றினார் என்பது புரிந்தது. அந்தக் கணக்கை உங்களுக்கும் தருகிறேன்.

நீர் எவ்வளவு தள்ளும்?

ஓடும் நீர் உங்கள் கால்களில் மோதும்போது ஒரு விசையைச் செலுத்துகிறது. இவ்விசை, நீரின் அடர்த்தி, நீரோட்டத்தை எதிர்கொள்ளும் பரப்பு, வேகத்தின் இருமடி (வர்க்கம்) ஆகியவற்றைப் பொறுத்தது. கால்களைப் போன்ற உருளை வடிவப் பொருள்களுக்குத் தோராயமாக,

விசை = ½ × அடர்த்தி × பரப்பு × வேகம் × வேகம்

என்று கொள்ளலாம்.

வேகம் ஏன் இரண்டு முறை வருகிறது? வேகம் இரு மடங்கானால், ஒரு விநாடியில் காலில் வந்து மோதும் நீரின் நிறை இரு மடங்காகிறது. அதோடு, ஒவ்வொரு கிலோகிராம் நீரும் கொண்டுவரும் உந்தமும் இரு மடங்காகிறது. இரண்டும் சேர்ந்தால் நான்கு மடங்கு.

முழங்கால் வரை 50 செ.மீ. ஆழம் என்போம். இரு கால்களின் அகலம் சேர்த்து 24 செ.மீ. எனில், பரப்பு 0.12 சதுர மீட்டர். நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1,000 கி.கி.

வேகம் விநாடிக்கு 1 மீட்டர் எனில் விசை 60 நியூட்டன். இது 6 கி.கி. எடை தள்ளுவதற்குச் சமம், சமாளிக்கலாம். வேகம் 2 மீட்டர் எனில் விசை 240 நியூட்டன். அதாவது 24 கி.கி. எடை. வேகம் 3 மீட்டர் எனில் 540 நியூட்டன். ஒரு முழு ஆளின் எடையே உங்களைப் பக்கவாட்டில் தள்ளுகிறது.

நாம் எவ்வளவு தாங்குவோம்?

நம்மை நிற்கவைப்பது தரைக்கும் பாதத்துக்கும் இடையே உள்ள உராய்வு. 50 கி.கி. எடையுள்ள ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். அவர் எடை 500 நியூட்டன். (எளிமைக்காக ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டுள்ளேன்.) முழங்கால் வரை நீரில் மூழ்கிய பகுதி சுமார் 6 லிட்டர் நீரை இடம்பெயரச் செய்யும். ஆர்க்கிமிடிஸ் தத்துவப்படி அவருடைய எடையில் 60 நியூட்டன் குறைந்துவிடும். எஞ்சியது 440 நியூட்டன். சேறு படிந்த சாலையில் உராய்வுக் குணகம் 0.4 என்று வைத்துக்கொண்டால், உராய்வு விசையின் உச்சம் 176 நியூட்டன்.

இப்போது ஒப்பிடுங்கள். விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் 60க்கு எதிராக 176, நிற்கலாம். 2 மீட்டர் வேகத்தில் 240க்கு எதிராக அதே 176, கால் வழுக்கும். அவ்வளவுதான். என் எடை சற்றுக் கூடுதல் என்றாலும், என் செருப்பு போன வேகத்தில் நானும் போயிருக்க இடமுண்டு.

இடுப்பளவு ஆழமானால் நிலைமை இன்னும் மோசம். நீரை எதிர்கொள்ளும் பரப்பு சுமார் 0.25 சதுர மீட்டராக உயரும். உடலின் மூழ்கிய பகுதி ஏறத்தாழ 17 லிட்டர் ஆகும்; எஞ்சும் எடை 330 நியூட்டன்; உராய்வு 132 நியூட்டன் மட்டுமே. நீரின் விசையோ, விநாடிக்கு 1 மீட்டர் வேகத்திலேயே 125 நியூட்டன். அதாவது, ஆழம் கூடும்போது தள்ளும் விசை கூடுகிறது. தாங்கும் விசை குறைகிறது. ஆழத்தின் கேடு இரட்டிப்பானது.

கணுக்கால் அளவு நீரும் முற்றிலும் பாதுகாப்பானதன்று. மூடி திறந்த சாக்கடைக் குழி, வாய்க்காலின் விளிம்பு ஆகியவை பழுப்பு நீருக்கு அடியில் தெரிவதில்லை. பாசி படிந்த தரையில் உராய்வுக் குணகம் 0.4இலும் குறைவாக இருக்கும். உங்கள் முழங்கால் ஆழம் உங்கள் தம்பிக்குத் தொடை ஆழம் என்பதையும், அவன் எடை உங்கள் எடையில் பாதிதான் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

காருக்கும் இதே விதிதான்

"காலால் நடந்தால்தானே ஆபத்து? கனமான காரில் போனால்?" என்று சிலர் கேட்பர். 1,000 கி.கி. நிறையுள்ள ஒரு சிறிய காரின் அடித்தளம் தரையிலிருந்து சுமார் 17 செ.மீ. உயரத்தில் இருக்கும். அடித்தளப் பரப்பு ஏறத்தாழ 6 சதுர மீட்டர். நீர் அடித்தளத்தைத் தொட்ட பிறகு உயரும் ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் 600 கி.கி. நீர் இடம்பெயர்கிறது. 17 செ.மீ. உயர்ந்ததும் மிதப்பு விசை காரின் எடையையே எட்டிவிடும். ஆக, தரையிலிருந்து 35 செ.மீ. ஆழம், அதாவது முழங்காலுக்கும் கீழே, இருந்தாலே கார் சக்கரப் பிடிப்பை இழந்துவிடும். நீர் உள்ளே கசியக் கசிய அது மீண்டும் தரையில் அமரலாம். ஆனால் அதற்குள் நீரோட்டம் அதை எங்கே இழுத்துச் சென்றிருக்குமோ? ரயில்வே சுரங்கப்பாதைகளில் மழைநீர் தேங்கியிருக்கும்போது, எந்த வண்டியிலும் உள்ளே இறங்கக் கூடாது என்பது இதனாலேதான்.

சென்னை 2015: மின்சாரம் இல்லாத நாட்கள்

மதுரையில் வெள்ளம் ஓரிரு நாளில் வடிந்தது. நாள்கணக்கில் நீர் நின்றால் ஒரு நகரம் எப்படி வாழும் என்பதைச் சென்னை நமக்குக் காட்டியது. 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. முன்மாதமே பெய்த கனமழையால் மண்ணும் ஏரிகளும் நிறைந்திருந்தன. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. இது ஒவ்வொரு விநாடியும் 82 தண்ணீர் லாரிகளைக் கவிழ்ப்பதற்குச் சமம். விமான நிலையத்தின் ஓடுபாதை நீரில் மூழ்கியது. அந்த மழைப் பருவத்தில் தமிழ்நாடு முழுவதும் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

மின்சாரம் நின்றது. கைபேசிக் கோபுரங்கள் ஓய்ந்தன. பணம் வழங்கும் இயந்திரங்கள் இயங்கவில்லை. அப்போது மக்களுக்குக் கைகொடுத்தவை எவை? மின்சாரம் இல்லாமலே இயங்கும் எளிய விதிகள்தாம்.

முதலாவது, மிதப்பு. கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் தங்கள் படகுகளை நகரத் தெருக்களுக்குக் கொண்டுவந்து மக்களை மீட்டனர். படகு இல்லாத இடத்தில் வாழைமரத் தெப்பமும் காலிப் பீப்பாயும் உதவும். 15 லிட்டர் பிளாஸ்டிக் குடம் ஒன்றின் வாயை நன்றாக மூடிக் கட்டிவிட்டால், அது சுமார் 14 கி.கி. எடையைத் தாங்கும். நம் உடலின் அடர்த்தி ஏறத்தாழ நீரின் அடர்த்தியே. தலையை மட்டும் நீருக்கு மேலே வைத்திருக்க இது போதும். ஆனால் இது உதவி வரும்வரை மிதந்து காத்திருக்கத்தானே தவிர, வெள்ளத்தைக் கடந்து போவதற்கு அன்று.

இரண்டாவது, ஈர்ப்பு. மழை எச்சரிக்கை வந்ததுமே மேல்நிலைத் தொட்டியை நிரப்பி வைத்தவர்களுக்கு மின்சாரம் இல்லாத நாளிலும் குழாயில் நீர் வந்தது. தரைத்தொட்டி நீரில் சாக்கடை கலந்துவிடக் கூடும். அதைக் குடிக்கக் கூடாது. சுத்தமான துணியையோ தார்ப்பாயையோ மாடியில் கட்டி மழைநீரையே பிடிக்கலாம். ஒரு சதுர மீட்டர் விரிப்பில் 10 செ.மீ. மழைக்கு 100 லிட்டர் கிடைக்கும். அதையும் துணியில் வடிகட்டி, கொதி வந்தபின் ஒரு நிமிடமாவது கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்.

மூன்றாவது, வானொலி. கைபேசி ஓய்ந்த நேரத்திலும் பேட்டரியில் இயங்கும் சிறு டிரான்சிஸ்டர் செய்தியைத் தரும். ஹாம் வானொலி ஆர்வலர்களும் அந்நாட்களில் செய்தித் தொடர்புக்கு உதவினர்.

மின்சாரம்: கண்ணுக்குத் தெரியாத பகை

தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஆனால் வெள்ள நீரில் உப்புகளும் அழுக்கும் கரைந்திருப்பதால் நன்றாகக் கடத்தும். ஆகவே வீட்டுக்குள் நீர் வருமுன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். நீர் ஏற்கெனவே வந்துவிட்டதென்றால், நீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடக் கூடாது. மின்வாரியத்துக்குச் சொல்லித் தெருவிலேயே மின்சாரத்தை நிறுத்தச் செய்ய வேண்டும்.

பலர் மறந்துவிடும் ஒன்று இன்வெர்ட்டர். மெயினை அணைத்தாலும் அது தன் மின்கலத்திலிருந்து வீட்டுக் கம்பிகளுக்கு 230 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதையும் அணைக்க வேண்டும்.

அறுந்து விழுந்த கம்பியைச் சுற்றிலும் தரையில் மின்னழுத்தம் பரவியிருக்கும். கம்பியிலிருந்து விலக விலக அது குறையும். அகலமாக அடி வைத்தால் இரு பாதங்களுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு அதிகமாகி உடல் வழியே மின்னோட்டம் பாயும். எனவே குறைந்தது 10 மீட்டருக்கு அப்பால் நில்லுங்கள். அறியாமல் அருகில் போய்விட்டால், பாதங்களைத் தூக்காமல், ஒட்டியபடியே தேய்த்துத் தேய்த்து வெளியேறுங்கள்.

வீட்டுக்கு ஓர் ஆள்

மதுரையில் ஆவணி மாதம் புட்டுத் திருவிழா நடப்பதை அறிவீர்கள். வைகை பெருக்கெடுத்துக் கரை உடைந்தபோது, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து மண் சுமக்க வேண்டும் என்று பாண்டிய மன்னன் ஆணையிட்டதாகக் கதை. புட்டு விற்ற வந்திக் கிழவிக்கும் கரையில் ஒரு பங்கு அளந்து விடப்பட்டது. அந்தப் பங்கை அடைக்க யார் கூலியாளாக வந்தார் என்பது நீங்கள் அறிந்த கதை. நான் சொல்ல வருவது வேறு. கரையின் ஒரு பங்கு அடைபடாமல் கிடந்தாலும், மற்றப் பங்குகளை எவ்வளவு நன்றாக அடைத்தாலும் பயனில்லை. நீர் அந்த ஓர் இடத்தில் புகுந்துவிடும்.

இன்றும் நமக்குப் பங்கு உண்டு. நம் தெரு வாய்க்காலில் பிளாஸ்டிக் பையைப் போடாதிருப்பது ஒரு பங்கு. மாடியில் விழும் நீரை மண்ணுக்குள் இறக்குவது ஒரு பங்கு. தெருவில் எங்கே பள்ளம், எங்கே வாய்க்கால் என்று மழைக்கு முன்பே தெரிந்து வைத்திருப்பதும் ஒரு பங்குதான். அந்தப் பூக்கார அம்மா இயற்பியல் படித்தவர் அல்லர். ஆனால் தன் தெருவைப் படித்திருந்தார். அன்று அதுவே எனக்கு உதவியது.

ஆழம் அறிந்து காலை விடச் சொன்னார்கள் பெரியோர். நாம் அதோடு வேகத்தையும் சேர்த்துக்கொள்வோம். எப்படி அளப்பது? கரையில் நின்றபடியே ஒரு காய்ந்த குச்சியை வீசுங்கள். 10 மீட்டர் தூரத்தை அது 10 விநாடிக்கும் குறைவான நேரத்தில் கடந்தால் இறங்க வேண்டாம். கடிகாரம் இல்லாவிட்டால், நீங்கள் சாதாரணமாக நடக்கும் வேகத்தை அந்தக் குச்சியோடு ஒப்பிடுங்கள். அது உங்களை முந்தினால், ஆழம் எவ்வளவு குறைவாகத் தோன்றினாலும், திரும்பிவிடுங்கள். குச்சி மெதுவாகப் போகிறது என்பதற்காகவும் ஆழம் தெரியாத நீரில் இறங்காதீர்கள். உதவி வேண்டுமானால் மாவட்ட அவசர எண் 1077.

கணக்கிட்டுப் பாருங்கள்

1. உங்கள் வீட்டு மாடியின் பரப்பு 60 சதுர மீட்டர். 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் பெய்த 9.8 செ.மீ. மழையில் அம்மாடியில் எத்தனை லிட்டர் நீர் விழுந்திருக்கும்?

2. 60 கி.கி. எடையுள்ள ஒருவர் முழங்கால் நீரில் நிற்கிறார். மிதப்பால் குறையும் எடை 8 கி.கி.; நீரை எதிர்கொள்ளும் பரப்பு 0.13 சதுர மீட்டர். உராய்வுக் குணகம் 0.4. எந்த வேகத்தில் அவர் கால் வழுக்கும்?

3. மண்ணுக்குள் புதைந்த ஒரு தரைத்தொட்டியின் வெளிக் கன அளவு 6 கன மீட்டர். அதன் எடை 4 டன். நிலத்தடி நீர் அதன் மேல்விளிம்பு வரை உயர்ந்துவிட்டது. தொட்டி காலியாக இருந்தால் என்ன நேரலாம்? அதில் 2,500 லிட்டர் நீர் இருந்தால்? (மண்ணின் பிடிப்பைக் கணக்கில் கொள்ள வேண்டாம்.)

விடைகள்: 1. 5,880 லிட்டர். 2. விநாடிக்கு சுமார் 1.8 மீட்டர். 3. காலியானால் 6 டன் மிதப்பு விசை 4 டன் எடையை வென்று தொட்டியை மேலே தூக்கும். 2,500 லிட்டர் நீர் இருந்தால் மொத்த எடை 6.5 டன்; தொட்டி அசையாது. மழைக்காலத்தில் தரைத்தொட்டியை முழுவதும் காலி செய்து வைக்கக் கூடாது என்று கொத்தனார் சொல்வது இதனால்தான்.